ஊர்ப் பாசம் மனசுல இருக்கட்டும், இ.எம்.ஐ.யில் வேண்டாம்



திருச்சிக்காரர் ஒருத்தர், மதுரைக்காரர் ஒருத்தர், கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தர், மூணு பேரும் இருக்கிற ஒரு ஆபீஸ் கேன்டீனில் போய் "தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த ஊர் எது?" என்று மட்டும் கேட்டுப் பாருங்க. அன்னைக்கு லன்ச் பிரேக் ஒரு மணி நேரத்தில் முடியாது. ஏர்போர்ட்டில் ஆரம்பிச்சு, பரோட்டாவுக்குப் போய், தண்ணீர் ருசி வரைக்கும் வந்துதான் நிற்கும்.

நானும் இந்தச் சண்டைக்கு வெளியில் இருக்கிற ஆள் இல்லை. பிறந்தது ஸ்ரீரங்கம். ஆபீஸ் தில்லை நகர். தினமும் காவிரிப் பாலம் தாண்டிக் கிளம்பும்போது எங்க அம்மா இன்னைக்கும் "திருச்சிக்குப் போயிட்டு வா" என்றுதான் சொல்வாங்க. ஸ்ரீரங்கம் நகராட்சியைத் திருச்சி மாநகராட்சியோடு சேர்த்தது 1994-ல். முப்பது வருஷம் தாண்டியாச்சு, அம்மா இன்னும் சேரலை!

இந்தப் பாசம் எனக்குப் பிடிக்கும். ஆனா ஒரு ஆடிட்டரா என் மேஜைக்கு முன்னாடி அது எப்படி வந்து உட்காருதுன்னு பார்க்கிறேன். அதனால்தான் இந்தப் பதிவு.

தலைநகர் வருது, பிளாட் வாங்கு

சில மாசம் முன்னாடி 27 வயசுப் பையன் ஒருத்தர் வந்தார். கைக்கு வர்ற சம்பளம் 48,000 ரூபாய். பஞ்சப்பூர் பக்கம் ஒரு மனை பார்த்திருக்கார். 20 லட்சம் லோன், 15 வருஷம், 9.5 சதவீத வட்டி. "சார், பஸ் டெர்மினஸ் வந்தாச்சு. அடுத்து தலைநகரே இங்கதான் வரும். மதுரைக்காரன் சும்மா பேசிக்கிட்டே இருப்பான், நாம வாங்கிப் போட்டுடணும்" என்றார்.

பஸ் டெர்மினஸ் உண்மை. 2025 மே மாதம் திறந்தாங்க. ஆனா தலைநகர்?

இந்தக் கதை நானூறு வருஷப் பழசு. 17-ஆம் நூற்றாண்டில் நாயக்கர்கள் தலைநகரை மதுரையிலிருந்து திருச்சிக்குக் கொண்டுவந்தாங்க. திருமலை நாயக்கர் திரும்ப மதுரைக்கே கொண்டுபோனார். அவருக்கு அப்புறம் சொக்கநாத நாயக்கர் மறுபடியும் திருச்சிக்கு வந்தார். நம்ம ராணி மங்கம்மாள் ஆட்சி செய்ததும் இங்கிருந்துதான். இவ்வளவு மாத்தியும் என்ன மிஞ்சிச்சு? 1730-களில் அந்த ஆட்சியே முடிஞ்சு போச்சு. இன்னைக்குத் திருச்சியில் மங்கம்மாள் மஹால் அருங்காட்சியகம். மதுரையில் அவங்க அரண்மனை காந்தி அருங்காட்சியகம். ஸ்கோர் சமம்.

அடுத்து 1983. எம்.ஜி.ஆர். முதல்வரா இருந்தப்போ தலைநகரைச் சென்னையிலிருந்து திருச்சிக்கு மாத்தலாம்னு யோசிச்சார். நடக்கலை. 2020 ஆகஸ்ட்டில் அமைச்சர் ஆர்.பி.உதயகுமார் மதுரையை இரண்டாவது தலைநகர் ஆக்கணும்னு கேட்டார். உடனே நம்ம ஊர் அமைச்சர் வெல்லமண்டி நடராஜன், அப்படின்னா திருச்சிதான்னு கிளம்பினார். ரெண்டு பேரும் ஒரே அமைச்சரவை! அது தனிப்பட்ட கருத்துன்னு முதல்வர் சொல்லி முடிச்சு வெச்சார்.

எங்க பெரியப்பா அந்த 1983 பேச்சை நம்பினவர். ஊருக்கு வெளியில் 10,000 ரூபாய்க்கு ஒரு மனை வாங்கிப் போட்டார். நடுவில் அக்கா கல்யாணத்துக்குப் பணம் தேவைப்பட்டப்போ விற்கப் பார்த்தார். வாங்க ஆளே இல்லை, பெரியம்மா நகைதான் அடகுக்குப் போச்சு. கடைசியில் 2008-ல் ஒரு லட்சத்துக்கு விற்றார். "பத்து மடங்குடா!" என்று இன்னைக்கும் பெருமையா சொல்வார்.

கணக்குப் போட்டுப் பாருங்க. 25 வருஷத்தில் பத்து மடங்குன்னா ஆண்டுக்குச் சுமார் 9.6 சதவீதம். 1986-லிருந்து 2000 தொடக்கம் வரைக்கும் சாதாரண பி.பி.எஃப். கணக்கே 12 சதவீதம் கொடுத்துச்சு. அதுக்கு வேலி போட வேண்டாம், பட்டாவுக்கு அலைய வேண்டாம், தலைநகர் வரவும் வேண்டாம். பெரியப்பாகிட்ட இதை நான் சொன்னதில்லை. நீங்களும் சொல்லிடாதீங்க.

அமெரிக்காவிலும் இதே கதைதான்

இது நம்ம ஊர் வியாதி மட்டும்னு நினைக்காதீங்க. 2017-ல் அமேசான் கம்பெனி இரண்டாவது தலைமையகம் கட்டப் போறோம், இடம் கொடுக்கிறவங்க வாங்கன்னு அறிவிச்சுது. 238 ஊர்கள் போட்டி போட்டுச்சு. வரிச் சலுகையை ஏலம் மாதிரி ஏத்திக்கிட்டே போனாங்க. 2018 நவம்பரில் நியூயார்க்கின் லாங் ஐலேண்ட் சிட்டியும் வர்ஜீனியாவின் ஆர்லிங்டனும் ஜெயிச்சதா அறிவிப்பு. உடனே லாங் ஐலேண்ட் சிட்டியில் ஃபிளாட் வாங்க ஜனங்க ஓடினாங்க. 2019 பிப்ரவரியில் எதிர்ப்பு கிளம்பினதும், நியூயார்க்குக்கு வரலைன்னு அமேசான் சொல்லிடுச்சு. மூணே மாசம். ஃபிளாட் வாங்கினவங்களோட கடன் மட்டும் அதே இடத்தில் இருந்துச்சு.

இன்னொண்ணு இதைவிட வேடிக்கை. கன்சாஸ் சிட்டின்னு ஒரு ஊர், ரெண்டு மாநில எல்லையில் இருக்கு. ஒரு பக்கம் மிசூரி, மறுபக்கம் கன்சாஸ். வரிச் சலுகை காட்டி ரெண்டு மாநிலமும் ஒருத்தர் கம்பெனியை இன்னொருத்தர் இழுத்துக்கிட்டே இருந்தாங்க. கம்பெனி போர்டு சில மைல் நகரும், ஊழியர் அதே வீட்டிலிருந்து அதே வேலைக்கு வேற ரோட்டில் போவார். நம்ம ஊரில் சொன்னா, ஆபீஸைத் தில்லை நகரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு மாத்தினதுக்கு அரசாங்கம் பரிசு கொடுத்த மாதிரி! 2019-ல்தான் இது வீண்செலவுன்னு ரெண்டு மாநிலமும் சமாதானம் ஆச்சு.

ஊர் ஜெயிக்கிறது வேற, ஊர்க்காரர் ஜெயிக்கிறது வேற. இதுதான் என் கருத்து.

சென்னை ஆஃபரா, திருச்சி ஆஃபரா?

ரெண்டாவது இடம் ஆஃபர் லெட்டர். நவல்பட்டு ஐ.டி. பார்க்கில் 42,000, சென்னை ஓ.எம்.ஆரில் 58,000, ரெண்டும் கைக்கு வர்றதுன்னு வெச்சுக்குவோம். "16,000 ஜாஸ்தி, கிளம்பு" என்று ஒரு கட்சி. "சொந்த ஊர் சொர்க்கம்டா, சென்னை ஒரு ஊரா?" என்று இன்னொரு கட்சி. ரெண்டு கட்சியும் கணக்குப் போடலை. நாம போடுவோம்.

சென்னை: ஷேரிங் ரூம் 9,000, சாப்பாடு 6,000, ஆபீஸ் போய்வர 2,000, மாசம் ஊருக்கு வந்து போக 2,500. மொத்தம் 19,500. மிச்சம் 38,500.

திருச்சி: அப்பா அம்மாவோட வீடு. வீட்டுக்கு 5,000, பெட்ரோல் 2,500. மொத்தம் 7,500. மிச்சம் 34,500.

16,000 வித்தியாசம் 4,000-க்கு வந்துடுச்சு. கல்யாணம் ஆகி, தனி வீடு எடுத்து, வாடகை 18,000 ஆச்சுன்னா சென்னை மிச்சம் 29,500. இப்போ திருச்சி 5,000 முன்னாடி. இது உதாரணம்தான், உங்க நம்பரைப் போட்டுப் பாருங்க.

"சார், சென்னை மெட்ரோ, ஹெச்.ஆர்.ஏ.வில் டாக்ஸ் மிச்சமாகுமே?" இது அடிக்கடி வர்ற கேள்வி. பழைய வரி முறையில் சென்னைக்கு அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம், திருச்சி, மதுரை, கோவைக்கு 40 சதவீதம்னு ஒரு வரம்பு இருக்கிறது உண்மை. ஆனா மூணு தொகையில் எது குறைவோ அதுக்குத்தான் விலக்கு. அதில் ஒண்ணு, கொடுத்த வாடகையில் அடிப்படைச் சம்பளத்தின் 10 சதவீதத்தைக் கழிச்சது. அடிப்படை 30,000, வாடகை 9,000 என்றால் 6,000-தான் வரும். 50 சதவீதமான 15,000-மும் 40 சதவீதமான 12,000-மும் அதுக்கு மேலேயே நிற்குது. மெட்ரோ பட்டத்தால் ஒரு பைசா லாபம் இல்லை.

அதுக்கும் மேல, புதிய வரி முறையில் ஹெச்.ஆர்.ஏ. விலக்கே கிடையாது. 2025-26 நிதியாண்டிலிருந்து அந்த முறையில் சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை வரியும் இல்லை. நம்ம உதாரணத்துச் சம்பளம் ரெண்டுமே அதுக்குள்ளதான் வரும். அப்புறம் எதுக்கு இந்தச் சண்டை?

மத்திய அரசு ஊழியர்களுக்கும் ஒரு தகவல். அங்கே ஊர்களை எக்ஸ், ஒய், இசட் என்று பிரிச்சிருக்காங்க. சென்னை எக்ஸ், வீட்டு வாடகைப்படி 30 சதவீதம். திருச்சி, மதுரை, கோவை மூணும் ஒய், 20 சதவீதம். ஒரே பெஞ்சில் உட்கார வெச்சாச்சு. சென்னைக்கு அடுத்தது எதுன்னு இனிமே கேட்காதீங்க!

திருச்சிக்காரனா ஒரு உண்மையும் சொல்லணும்

இதைப் படிச்சிட்டு "அப்போ ஊரிலேயே இருந்துடலாம்" என்று முடிவு பண்ணிடாதீங்க. பெரிய ஊரோட பலம் முதல் சம்பளத்தில் இல்லை, ரெண்டாவது வேலையில் இருக்கு. இந்தக் கம்பெனி மூடினாலோ, இன்க்ரிமென்ட் கொடுக்காம இழுத்தாலோ, வீடு மாத்தாம போகக்கூடிய அடுத்த கம்பெனி எத்தனை? ஓ.எம்.ஆரில் இருபது முப்பது இருக்கும். திருச்சியில் உங்க வேலைக்கு ரெண்டோ மூணோதான் இருக்கலாம். எனக்கு இது வலிக்குது, ஆனா உண்மை.

நம்ம ஊருக்குச் சோறு போட்டது எது? பொன்மலை ரயில்வே பட்டறை, 1960-களில் திருவெறும்பூருக்கு வந்த பெல் தொழிற்சாலை, அதைச் சுத்தி முளைச்ச ஃபேப்ரிகேஷன் யூனிட்கள். எங்க அப்பா தலைமுறை வீடு கட்டினது இந்தச் சம்பளத்தில்தான். 2011-ல் ஸ்ரீரங்கம் முதல்வர் தொகுதி ஆச்சு, 2014-ல் அந்தப் பட்டம் போச்சு. ஆனா அந்தக் காலத்தில் நாவலூர் குட்டப்பட்டில் வந்த தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் இன்னும் இருக்கு. பட்டம் போகும், நிறுவனம் நிற்கும். ஊருக்காகச் சண்டை போடணும்னா வேலை கொடுக்கிற நிறுவனத்துக்காகப் போடுங்க. தலைநகர் பட்டத்துக்காக வேண்டாம்.

அந்தப் பையன் என்ன செஞ்சார்?

அவர் கணக்குக்கு வருவோம். 20 லட்சம் லோனுக்கு மாசம் சுமார் 20,900 இ.எம்.ஐ. சம்பளத்தில் கிட்டத்தட்ட 44 சதவீதம். 15 வருஷத்தில் கட்டுற மொத்தம் 37.6 லட்சம். வெறும் மனைக்கு வீட்டுக் கடன் வட்டிச் சலுகையும் கிடையாது, வீடு கட்டினால்தான் அந்தப் பேச்சே. வாடகையும் வராது. நாளைக்குச் சென்னையிலோ பெங்களூரிலோ நல்ல வேலை வந்தா, அங்கே வாடகை, இங்கே இ.எம்.ஐ.

அவர்கிட்ட நான் மூணு கேள்விதான் கேட்டேன். நீங்களும் எழுதி வெச்சுக்கோங்க.

1. தலைநகர், மெட்ரோ, ஏர்போர்ட் எதுவுமே வரலைன்னாலும் இதே விலைக்கு இதை வாங்குவீங்களா?

2. வேலை போனா ஆறு மாச இ.எம்.ஐ. கட்டத் தனியா பணம் இருக்கா?

3. இந்த ஊர் உங்க ஊரா இல்லைன்னா இந்த முடிவை எடுப்பீங்களா?

மூணாவது கேள்விக்கு அவர் ரொம்ப நேரம் பதில் சொல்லலை. அப்புறம் சிரிச்சிட்டு, "மதுரையில் இதே மனைன்னா திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன் சார்" என்றார். அட்வான்ஸ் கொடுக்கலை. முதல்ல ஆறு மாச அவசர நிதி சேர்க்கிறார். மனை வேணும்னா அப்புறம் பார்த்துக்கலாம், காவிரி எங்கேயும் போயிடாது.

இந்த வாரம் சேனலில் போடுற வீடியோவில் மனைக் கடன் கணக்கை விரிவா பார்ப்போம். அதுக்குள்ள உங்க ஆஃபர் லெட்டரையும் ஒரு பேப்பரையும் எடுத்து மேலே சொன்ன கணக்கைப் போட்டு வைங்க. கேன்டீன் சண்டையைத் தாராளமா தொடருங்க, அதுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது.

ஒரு விஷயம் மட்டும் சொல்லிட்டுப் போறேன். மதுரை பரோட்டா நல்லாத்தான் இருக்கும். இதை நான் சொன்னேன்னு ஸ்ரீரங்கத்தில் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.