இறந்தவர் பெயரில் மறுமதிப்பீட்டு நோட்டீஸ்: காரைக்கால் வணிகர்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்:
செயலாளர், காரைக்கால் வணிகர்கள் சார்பில்.

பெறுநர்:
முதன்மைத் தலைமை வருமான வரி ஆணையர்,
தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி, சென்னை.

பொருள்: காலமானவர்கள் பெயரில் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 148-ஆம் பிரிவின்கீழ் அனுப்பப்படும் நோட்டீஸ்களைத் துறையே திரும்பப் பெற வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து உரிய அலுவலகத்துக்கு நாங்கள் எழுதிய மூன்று கடிதங்கள்.

ஐயா,

காரைக்கால் நகராட்சியிலும் கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் கொம்யூன்களிலும் வியாபாரம் செய்வோர் சங்கத்தின் பொதுக்குழுத் தீர்மானப்படி இம்மனு அளிக்கப்படுகிறது.

பார்வையில் கண்ட கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. ஒப்புகை அட்டைகள் மட்டுமே எங்கள் கோப்பில் உள்ளன. ஆகவே அவற்றில் எழுதியதை மறுபடியும் எழுதுகிறோம். நீளம் கருதித் தள்ளிவிடாமல் முழுவதும் படிக்க வேண்டுகிறோம்.

முதல் கடிதத்தில் ஓர் உறுப்பினர் குடும்பத்தின் நிலையை விவரித்திருந்தோம். குடும்பத் தலைவர் காலமானார். இறப்பு, சட்டம் சொல்லும் 21 நாள் கெடுவுக்குள் கொம்யூன் பஞ்சாயத்தில் பதிவாயிற்று. கடை உரிமம், ஜிஎஸ்டி பதிவு, மின் இணைப்பு எல்லாம் மகன் பெயருக்கு மாறின. அதன் பிறகுதான் தகப்பனார் பெயரில், அவருடைய பான் எண்ணில், 148-ஆம் பிரிவு நோட்டீஸ் பிறப்பிக்கப்பட்டது. அதற்கு முன்பாக 148ஏ பிரிவின்கீழ் விளக்கம் கேட்ட நோட்டீஸ், அவர் உயிரோடு இருந்தபோது பதிந்துவைத்த மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது. அதைத் திறக்க வீட்டில் ஒருவருக்கும் வழி தெரியாது. விளக்கம் வரவில்லை என்று குறித்து, 144-ஆம் பிரிவின்கீழ் அலுவலரே வருமானத்தை நிர்ணயித்து, வரியும் வட்டியும் சேர்த்த கேட்பு நோட்டீஸ் வாசலுக்கு வந்தபோதுதான் குடும்பத்துக்கு விஷயமே தெரிந்தது.

இத்தனைக்கும் அடிப்படை, வங்கி அனுப்பிய ஒரு தகவல். சேமிப்புக் கணக்கில் ஓராண்டில் 10 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கம் செலுத்தினால் வங்கி அதைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், அதில் தவறில்லை. ஆனால் அந்த ரொக்கம் கடை விற்பனையா, கைமாற்றாக வாங்கியதா, நிலம் விற்ற பணமா என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் இன்று இல்லை. மகனிடம் இருப்பது சில பில் கட்டுகளும் ஆடிட்டரின் நினைவும்தான். அந்த மகனையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவகாசம் கொடுத்துக் கேட்டிருக்க வேண்டாமா?

இரண்டாம் கடிதத்துடன் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பின் நகலை இணைத்திருந்தோம், இப்போதும் இணைத்திருக்கிறோம். ரிட் மனு எண் 30060/2017, நீதிபதி டி.எஸ்.சிவஞானம் 7.6.2018 அன்று வழங்கியது. எங்கள் கோரிக்கை முழுவதும் இந்தத் தீர்ப்பின் மேல்தான் நிற்கிறது. அவ்வழக்கில் வரி செலுத்தியவர் இறந்தது 26.1.2010. 2010-11 மதிப்பீட்டு ஆண்டுக்காக அவர் பெயரிலேயே நோட்டீஸ் பிறந்தது 30.3.2017. மறுநாளோடு நோட்டீஸ் அனுப்பும் கெடு முடிந்தது. அதன் பிறகு அவருடைய மனைவி மேல் நடவடிக்கையைத் திருப்பினார்கள். இறப்பைக் குடும்பத்தார் தெரிவிக்கவில்லை, பான் எண்ணை ரத்து செய்யவில்லை என்பது துறைத் தரப்பு வாதம். அப்படித் தெரிவிக்கும் கடமையை எந்தச் சட்டப் பிரிவும் வாரிசுகள் மேல் வைக்கவில்லை என்று நீதிமன்றம் அதை நிராகரித்தது. இறந்தவர் பெயரில் பிறந்த நோட்டீஸைச் செயல்படுத்த முடியாது, கெடு முடிந்தபின் வாரிசின் பெயரைச் சேர்த்து அதற்கு உயிர் கொடுக்கவும் முடியாது என்பது தீர்ப்பு.

எங்களிடம் வாய்மொழியாகச் சொல்லப்பட்ட பதில்கள் இரண்டு. பெயர்ப் பிழை சிறு குறைபாடு, 292பி பிரிவு அதைச் சரிசெய்துவிடும் என்பது ஒன்று. 159-ஆம் பிரிவின்படி வாரிசு எப்படியும் பொறுப்புதானே என்பது மற்றொன்று. 159-ஆம் பிரிவை நாங்களும் படித்திருக்கிறோம். உயிரோடு இருக்கும்போது தொடங்கிய நடவடிக்கையை, இறந்த அன்று நின்ற நிலையிலிருந்து வாரிசு மேல் தொடரலாம் என்கிறது. அவர் இருந்திருந்தால் எடுத்திருக்கக்கூடிய நடவடிக்கையை வாரிசு மேல் எடுக்கலாம் என்கிறது. இரண்டாவது வகையில் தொடக்கமே வாரிசின் பெயரில்தான் இருக்க வேண்டும். இறந்தவர் பெயரில் தொடங்கலாம் என்று அப்பிரிவில் ஓர் எழுத்தும் இல்லை. அதன் 6-ஆம் உட்பிரிவு, வாரிசின் பொறுப்பு இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து தாங்கும் அளவுக்குத்தான் என்றும் வரையறுக்கிறது. வாரிசு யார், சொத்து எவ்வளவு என்று கேட்காமலே எழுதப்பட்ட கேட்பு நோட்டீஸ் இந்த வரம்பை எப்படி மதித்ததாகும்?

292பி பற்றிய வாதத்தை டெல்லி உயர் நீதிமன்றம் 16.7.2020 அன்று ஏற்க மறுத்துவிட்டது. உரியவர் பெயரில் நோட்டீஸ் என்பது அதிகார வரம்பின் அடிப்படை. அது இல்லாதபோது மேலே எழும்பிய எதுவும் நிற்காது. மாருதி சுசூகி வழக்கில் 25.7.2019 அன்று உச்ச நீதிமன்றமும், இணைப்பில் கலைந்துபோன நிறுவனத்தின் பெயரில் பிறந்த மதிப்பீட்டு ஆணை செல்லாது என்றது. கலைந்த கம்பெனிக்குக் கிடைத்த பாதுகாப்பு, கணவனை இழந்த பெண்ணுக்கும் கிடைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

எதிராகக் காட்டக்கூடிய ஒன்றையும் மறைக்கவில்லை. வாரிசுகளில் ஒருவர் தாமாகவே கணக்குத் தாக்கல் செய்து விசாரணையில் கலந்துகொண்ட வழக்கில், மற்ற வாரிசுகளுக்கு நோட்டீஸ் போகாதது வெறும் முறைகேடே, ஆணையைச் செல்லாததாக்காது என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் சொன்னது. எங்கள் உறுப்பினர்களின் வாரிசுகள் யாரும் கணக்குத் தாக்கல் செய்யவில்லை, விசாரணைக்குப் போகவில்லை. நோட்டீஸ் வந்ததே அவர்களுக்குத் தெரியாது.

காரைக்கால் சென்னை உயர் நீதிமன்றத்தின் எல்லைக்கு உட்பட்டது. ஓர் உயர் நீதிமன்றம் சொன்ன சட்டம் அதன் எல்லையில் உள்ள அதிகாரிகள் அனைவரையும் கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் 1962-லேயே, ஈஸ்ட் இந்தியா கமர்ஷியல் கம்பெனி வழக்கில், தீர்த்துவைத்துவிட்டது. அப்படியிருக்க, ஒவ்வொரு குடும்பமும் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் சென்னைக்குப் போய், வக்கீல் வைத்து, ஏற்கெனவே தீர்ந்த கேள்விக்கு மறுபடி தீர்ப்பு வாங்க வேண்டும் என்பது என்ன நியாயம்? செலவுக்கு வழியுள்ளவர் போகிறார். வழியில்லாதவர் நகையை வைத்து, செல்லாத நோட்டீஸுக்குப் பணம் கட்டுகிறார். இதைத்தான் எங்களால் பொறுக்க முடியவில்லை.

மூன்றாம் கடிதம் இந்த ஊருக்கே உரிய சிரமத்தைப் பற்றியது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் இது. இன்றும் பல வீடுகளில் பிள்ளைகள் பிரான்சில் குடியுரிமையோடு இருக்கிறார்கள்; அவர்களில் பலருக்குப் பான் எண்ணும் இல்லை, ஆதாரும் இல்லை. மின்-தாக்கல் தளத்தில் வாரிசாகப் பதிய வேண்டுமானால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வாரிசின் பான் எண்ணும் வேண்டும். இங்கே தாய் மட்டும் தனியாக இருக்கிறார். அவரால் முடியாததைச் செய்யவில்லை என்று அவர் மேலேயே குற்றம் சுமத்தப்படுகிறது. இறப்பு அரசுக்குத் தெரியாமலும் இல்லை. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் திருத்தம் 1.10.2023 முதல் நடைமுறையில் உள்ளது. தேசியத் தரவுத்தளத்திலிருந்து தகவல் பெற அதில் வழியும் இருக்கிறது. நோட்டீஸ் பிறப்பிக்கும் முன் அதைப் பார்ப்பது அலுவலரின் வேலை.

ஆகவே எங்கள் முதன்மைக் கோரிக்கை: இறந்தவர் பெயரில் பிறந்த 148-ஆம் பிரிவு நோட்டீஸ்களையும், அவற்றின் மேல் எழுந்த மதிப்பீடு, அபராதம், வங்கிக் கணக்கு முடக்கம் அனைத்தையும், இறப்புச் சான்று காட்டியவுடன் துறையே எழுத்துமூலம் திரும்பப் பெற வேண்டும். கெடு மீதமிருந்தால் வாரிசுகள் பெயரில் முறையாகப் புது நோட்டீஸ் அனுப்பட்டும். வருவோம், கணக்குக் காட்டுவோம், கட்ட வேண்டிய வரியைக் கட்டுவோம். கெடு முடிந்திருந்தால் அத்துடன் விட்டுவிட வேண்டும். 1.4.2026 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்றாலும், முந்தைய ஆண்டுகளுக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டமே தொடர்வதால் இக்கோரிக்கை காலாவதியாகவில்லை.

இத்துடன் கீழ்க்கண்டவற்றையும் பரிசீலிக்க வேண்டுகிறோம்.

இறந்தவருக்கு வர வேண்டிய ரீஃபண்டு தொகையை வாரிசின் வங்கிக் கணக்கில் தாமதமின்றி வரவு வைத்தல்.

நோட்டீஸின் சாரத்தைத் தமிழிலும் ஒரு பக்கத்தில் இணைத்தல்.

வெளிநாட்டில் உள்ள வாரிசுகளைக் காணொலி வழியாக விசாரித்தல்.

வாரிசுப் பதிவுக்கென காரைக்காலில் அவ்வப்போது முகாம் நடத்துதல்.

முதன்மைக் கோரிக்கைக்கு ஏற்பு அல்லது மறுப்பு எதுவாயினும், மறுப்பாயின் மேற்சொன்ன 7.6.2018 தீர்ப்பு எங்களுக்கு ஏன் பொருந்தாது என்ற காரணத்துடன், எழுத்துமூலம் பதில் அளிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்
காரைக்கால்

நகல்: மத்திய நேரடி வரிகள் வாரியத் தலைவர், புது டெல்லி, மாவட்ட ஆட்சியர், காரைக்கால்.