தராசு அளக்காத பிராயம்

2024 நவம்பர் 16-ஆம் தேதி, சனிக்கிழமை, நம் நேரப்படி காலையில், டெக்ஸாஸ் மாகாணத்து ஆர்லிங்டன் நகரில் எழுபதினாயிரம் பேருக்கு மேல் கூடியிருந்த அரங்கமொன்றில், 58 வயதான மைக் டைசனை 27 வயதான ஜேக் பால் என்ற வாலிபர் எட்டுச் சுற்றுக் குத்துச்சண்டையில் புள்ளிக் கணக்கில் வென்றதைக் கண்டது முதல், என் மனத்தில் ஒரு கசப்புத் தங்கிவிட்டது. முதற் சுற்றில் ஒரு கணம் பழைய டைசனின் சாயல் தெரிந்தது. அடுத்த சில சுற்றுகளுக்குள் கால்கள் கனத்துவிட்டன. அதன் பின்பு அவர் தம் கையுறையைப் பல்லால் கடித்தபடி நின்ற காட்சியை நான் மறக்க விரும்புகிறேன். சுற்றுக்கு மூன்று நிமிஷம் என்ற வழக்கத்தை இரண்டாகக் குறைத்தார்கள். பத்து அவுன்ஸ் கையுறைக்குப் பதிலாகப் பதினான்கு அவுன்ஸ் கையுறை மாட்டினார்கள். இவ்வளவும் செய்தவர்கள், தராசில் ஏற்றியபோது டைசன் 228.4 ராத்தல், பால் 227.2 ராத்தல் என்று கண்டதும், இருவரும் சமமானவர்கள் என்றே தீர்த்துவிட்டார்கள். ஒரு ராத்தல் வித்தியாசத்தைத் தசமக் கணக்கில் அளக்கிற உலகத்தில், 31 ஆண்டு வித்தியாசத்தை அளப்பதற்கு ஒரு விதியும் இல்லை என்பதே என் கோபம்.

இந்தக் கோபம் சற்றே தணிந்தது அடுத்த திங்கட்கிழமை மாலை ரயிலில். ஆவடியிலிருந்து சென்ட்ரல் செல்லும் மின்ரயிலில், பட்டரவாக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட் வேலை முடிந்து ஏறிய இளைஞர் நால்வர், வியாசர்பாடி ஜீவா வரையில் ஓயாமல் இதே விஷயத்தை விவாதித்துக்கொண்டு வந்தார்கள்.

“டைசன் பிரைம்ல இருந்திருந்தா ஒரே ரவுண்டு மச்சான், மல்லாத்தியிருப்பான்.”

“பிரைம்னு பேச ஆரம்பிச்சா, அலி முன்னாடி டைசன் எப்படிடா நிப்பான்? அலி ஹைட்டு என்ன, ரீச்சு என்ன?”

“அப்ப மார்சியானோ? அவன் ஒரு ஃபைட்டுகூடத் தோத்ததில்ல, தெரியுமா?”

படித்தவர்கள் இத்தகைய வாதங்களை வீண்பொழுது என்று ஒதுக்குவதை நான் அறிவேன். எனக்கோ அவர்கள் பேச்சைக் கேட்கக் கேட்க உள்ளம் குளிர்ந்தது. தராசு அளக்காமல் விட்ட பிராயத்தை அந்த நால்வரும் தங்கள் புத்தியாலும் ஞாபகத்தாலும் அளக்க முயன்றுகொண்டிருந்தார்கள். இன்ன வீரன், இன்ன ஆண்டில், இன்ன எடையில், இன்ன எதிரியின் முன் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பது, ஒரு மனிதனை அவனுடைய மிகச் சிறந்த நாளை வைத்து மதிப்பிட வேண்டும் என்ற நியாய உணர்ச்சியிலிருந்து பிறப்பது.

டைசனின் உச்சம் எது என்பதில் அவர்களுக்குள் தகராறு இல்லை. 1986 நவம்பரில், 20 வயதில், டிரெவர் பெர்பிக்கை இரண்டாவது சுற்றில் வீழ்த்திப் பட்டம் பெற்றது முதல், 1988 ஜூனில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடிகளில் முடித்தது வரையிலான காலமே அது. 1990-இல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் அவரைப் பத்தாம் சுற்றில் சாய்த்தபோது அவருக்கு 23 வயதுதான். ஆயினும் உச்சம் கழிந்துவிட்டது. முகம்மது அலியின் விஷயம் இவ்வளவு எளிதன்று. வியட்நாம் யுத்தத்திற்குப் போக மறுத்ததற்காக 1967-இல் பட்டத்தைப் பறித்து, 1970 அக்டோபர் வரையில் மேடையேற விடாமல் அவரைத் தடுத்தார்கள். 25 வயதிலிருந்து 28 வயது வரை, எந்த வீரனுக்கும் உடலும் அனுபவமும் ஒன்றுகூடுகிற அந்தப் பருவத்தில், அவர் சண்டையே இடவில்லை. நாம் கொண்டாடுகிற அலி, ஃபோர்மனை வென்றவரும் மணிலாவில் ஃப்ரேசியருடன் மரணத்தின் வாயில் வரை போய் வந்தவருமான அலி, உச்சம் பறிபோன பிறகு மிஞ்சியதைக் கொண்டு அவ்வளவும் சாதித்தவர். ரஸிகர்கள் அவருடைய உச்சத்துக்குச் சாட்சியாக 1966 நவம்பரில் க்ளீவ்லாண்ட் வில்லியம்ஸை மூன்று சுற்றுகளில் முடித்த சண்டையைக் காட்டுவார்கள். அந்த வில்லியம்ஸோ, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு போலீஸ்காரரின் துப்பாக்கிக் குண்டை உடலில் வாங்கி உயிர் தப்பியவர். அலியின் உச்சத்தைக் காட்டும் அந்தப் படத்தில் எதிரே நிற்பவரின் உச்சம் எப்போதோ போய்விட்டிருந்தது.

ராக்கி மார்சியானோவை அலியுடன் பொருத்திப் பார்க்கும் ஆசையும் புதிதன்று. 1969-இல், 45 வயதான மார்சியானோ உடம்பை இளைத்து, தலைக்கு டோப்பா வைத்துக்கொண்டு, அலியோடு காமிராவின் முன் பல சுற்றுகள் பாவனையாக மோதினார். முடிவைக் கம்ப்யூட்டர் சொல்லும் என்று விளம்பரம் செய்து, 1970 ஜனவரியில் அமெரிக்காவின் படக்கொட்டகைகளில் காட்டினார்கள். பதின்மூன்றாம் சுற்றில் மார்சியானோ வென்றதாகத் திரையில் தெரிந்தது. அதைப் பார்க்க மார்சியானோ இல்லை. 1969 ஆகஸ்டிலேயே விமான விபத்தில் மாண்டுபோனார். தோல்வியே காணாமல் 49 சண்டைகளை வென்ற அவருடைய எடை, பட்டம் வைத்திருந்த நாட்களில் 184 முதல் 189 ராத்தல் வரை, அதாவது 84 முதல் 86 கிலோ வரை. வில்லியம்ஸுடன் மோதிய அலி 212 ராத்தலுக்கு மேல். இன்று 200 ராத்தலுக்குக் குறைந்தவர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. ஆகவே மார்சியானோ இன்று பிறந்திருந்தால் ஹெவிவெயிட்டே அல்லர்.

1909-இல் லண்டனில் எட்டுப் பிரிவுகளாக வகுக்கப்பட்ட எடைகள் இன்று தொழில்முறைச் சண்டையில் பதினேழுக்குக் குறையாமல் பெருகிவிட்டன. பெருகியதைப் பழிப்பவர்கள் பலர். நான் பழிக்க மாட்டேன். 45, 46, 48 கிலோ பிரிவுகளில் உலகப் பட்டங்களை வென்ற நம் மேரி கோம், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 51 கிலோவுக்குக் கீழே பிரிவே இல்லாத காரணத்தால், தம் எடையை மீறிப் பெரியவர்களோடு மோதி வெண்கலம் பெற்றார். அவருடைய எடைக்கு அங்கே ஒரு பிரிவு இருந்திருந்தால் பதக்கத்தின் நிறம் மாறியிருக்கும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

எடைப் பிரிவே இல்லாத காலத்தை அறிய விரும்புவோர் வில்லியம் ஹாஸ்லிட் எழுதிய ‘தி ஃபைட்’ என்ற வியாசத்தைப் படிக்க வேண்டும். 1821 டிசம்பரில், ஹங்கர்ஃபோர்டு என்ற ஊருக்கருகே, டாம் ஹிக்மன் என்பவருக்கும் பில் நீட் என்பவருக்கும் நடந்த சண்டையைக் காண ஹாஸ்லிட் லண்டனிலிருந்து தபால் வண்டியேறிப் போனார். விடுதியில் படுக்கை கிடைக்காமல், இரவெல்லாம் பேச்சிலேயே கழித்தார். விடியற்காலை மூடுபனி விலகுகிற சதுப்பு நிலத்தின் வழியே நடந்து போய்க் கூட்டத்தில் நின்றார். சாமுவேல் ஜான்ஸனையும் ஷேக்ஸ்பியரையும் ஆராய்ந்த அதே மூளை, அன்று ஒவ்வொரு சுற்றையும் மனத்தில் பதித்துக்கொண்டது. நீட் பதினான்கு ஸ்டோன், ஹிக்மன் பன்னிரண்டு ஸ்டோன். கிலோவில் சொன்னால் 89-க்கும் 76-க்கும் உள்ள தூரம். இன்று எந்தச் சங்கமும் இவ்விருவரை எதிரெதிரே நிறுத்த எளிதில் அனுமதிக்காது. ஹிக்மன் சிறியவர், வாயாடி, மின்னல். முதற் சுற்றிலேயே பாய்ந்து நீட்டைத் தரையில் வீழ்த்தினார். பெரியவர் நிதானமாக எழுந்து காத்திருந்தார். பிறகு ஒரு சுற்றில் நீட்டின் குத்து ஒன்று முகத்தில் இறங்க, ஹிக்மன் முன்னே விழுவதா பின்னே விழுவதா என்று தெரியாமல் ஒரு கணம் தொங்கி நின்று சாய்ந்த காட்சியை, உயிருள்ள மனிதனின் முகம் மரணத்தின் முகமாக மாறிய விதத்தை, ஹாஸ்லிட் எழுதியிருப்பதைப் போல் யாரும் எழுதியதாக நான் கண்டதில்லை. அதன் பின்னும் ஹிக்மன் எழுந்து எழுந்து வந்து பதினெட்டாம் சுற்று வரையில் நின்றார். வெற்றிச் செய்தியை நீட்டின் மனைவிக்குச் சொல்லப் புறா ஒன்று பறந்தது. அடுத்த ஆண்டே ஹிக்மன் வண்டி விபத்தில் இறந்துபோனார். இருநூறு ஆண்டுகள் கழித்து அம்பத்தூரில் உட்கார்ந்துகொண்டு, சம எடையில் ஹிக்மன்தான் வென்றிருப்பார் என்று நான் தைரியமாக வாதாட முடிகிறதென்றால், அன்று எடையையும் சுற்றையும் ஒருவர் எழுதி வைத்ததுதான் காரணம்.

இதை நான் இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம், அந்த ரயிலில் ஜன்னலோரம் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் கேட்ட கேள்வி. கொரட்டூர் தாண்டியதும் அவர் மெல்ல வாய் திறந்து, 1980-இல் அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் கண்காட்சிச் சண்டையிட்டதைத் தாம் நேரில் பார்த்ததாகச் சொன்னார். இளைஞர்கள் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். அலிக்கு அப்போது 38 வயது, எல்லிஸுக்கு நாற்பதை ஒட்டி. இருவருமே உச்சம் கடந்தவர்கள். “கால் மட்டும் அப்பவும் தரையில பாவல தம்பிங்களா,” என்றார் முதியவர். பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது:

“அலி, டைசன்லாம் சரி. எங்க நைனா கித்தேரி முத்து சண்டைய நேர்ல பாத்தவரு. கித்தேரி முத்து பிரைம்ல என்ன வெயிட்டு இருந்தாரு, யாராச்சும் சொல்லுங்க பாக்கலாம்?”

நால்வரும் மௌனமானார்கள். நானும் வாய் திறக்கவில்லை. கித்தேரி முத்துவின் குத்துச்சண்டைக் குழுவான சார்பட்டா பரம்பரையின் பெயரை அவர்கள் 2021-இல் வந்த பா. இரஞ்சித்தின் படத்தால் அறிந்திருந்தார்கள். அதில் வரும் கபிலனும் வேம்புலியும் மோதுவதைக் குத்துக்குக் குத்து விவரிக்க அவர்களால் முடியும். ஆனால் சார்பட்டாவும் இடியப்ப நாயக்கர் பரம்பரையும் மெய்யாகவே எதிரெதிராக நின்ற வடசென்னையில், துறைமுகத்திலும் ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலும் பகலெல்லாம் உழைத்துவிட்டு மாலையில் வாத்தியாரிடம் கிளவுஸ் கட்டிக்கொண்டு நின்ற மெய்யான மனிதர்களைப் பற்றி அவர்களிடம் விவரம் இல்லை. வெள்ளைக்காரர் கொண்டுவந்த ஆட்டத்தை அவர்கள் முன்னிலையிலேயே கற்று, 1940-களில் நாட் டெர்ரி என்ற வீரரை வீழ்த்திப் பட்டணத்தையே தலைநிமிரச் செய்த கித்தேரி முத்துவின் கீர்த்தி வாய்மொழியாக வந்து சேர்ந்திருக்கிறது. கீர்த்தியை வைத்துக்கொண்டு புகழலாம், விவாதிக்க முடியாது. எந்த எடையில், எத்தனையாவது சுற்றில், எந்தக் கையால் என்று தெரிந்தால்தான், அதே எடையுள்ள ஓர் அமெரிக்க வீரனை எதிரே நிறுத்தி, எங்கள் ஆள் வெல்வான் என்று ரயிலில் உரக்கச் சொல்ல முடியும்.

இதற்கு மாறாக வி. தேவராஜனை எடுத்துக்கொள்ளுங்கள். 1992-இல் பார்ஸலோனா ஒலிம்பிக்கில் 54 கிலோ பிரிவில் மேடையேறிய, 1994-இல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பையில் வெண்கலம் வென்ற அந்தச் சென்னை வீரரைப் பற்றி நாம் நிச்சயமாகப் பேசலாம். சங்கம் வைத்து நடத்திய போட்டிகளின் ஏட்டில் எடையும் முடிவும் ஏறியிருக்கின்றன. அவருக்கு முந்திய தலைமுறையினர் பலர் சங்கங்களின் ஏட்டுக்கு வெளியே, டிக்கெட் போட்டு நடத்திய ஒப்பந்தச் சண்டைகளில் தங்கள் உச்சத்தைச் செலவழித்தவர்கள். நூலகங்களில் பழைய தினசரித் தொகுதிகள் பொடிந்துபோவதைப் பற்றி நான் இப்பத்தியில் எத்தனையோ தடவை முறையிட்டிருக்கிறேன். முறையீட்டைச் சலிப்புடன் படித்தவர்களுக்கு, அந்தத் தொகுதிகளின் ஓரத்துப் பத்திகளில்தான் இவர்களுடைய சுற்றுக் கணக்கு அச்சாகியிருக்கும் என்பதை இப்போது சொல்கிறேன். கவிஞர்களையும் தலைவர்களையும் பற்றிய காகிதங்களைச் சேர்க்க இத்தேசத்தில் ஆள் உண்டு. கூலிக்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மாலையில் காட்டிய வித்தையைப் பற்றிய காகிதத்தையும் அதே மரியாதையோடு சேர்க்க வேண்டும் என்று நான் கேட்கிறேன்.

இதற்கு நம் பக்கத்துப் பேட்டைகளே நல்ல தொடக்கம். 1960-களில் அம்பத்தூர் எஸ்டேட்டும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையும் எழுந்தபோது, பெரம்பூர், புளியந்தோப்பு, வியாசர்பாடிக் குடும்பங்கள் பல வேலையைத் தொடர்ந்து மேற்கே வந்து கொரட்டூரிலும் திருமுல்லைவாயிலிலும் பட்டாபிராமிலும் வீடு கட்டிக்கொண்டன. அவர்களோடு வந்த டிரங்குப் பெட்டிகளில் குத்துச்சண்டை நோட்டீஸ்களும், கிளவுஸ் மாட்டி நிற்கும் போட்டோக்களும் கட்டாயம் இருக்கும். உங்கள் தகப்பனாரோ மாமாவோ மேடையேறியவரானால், அவர் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: எந்தப் பரம்பரை, யார் வாத்தியார், எந்த ஆண்டு, எந்த மைதானம், எதிராளி யார், எத்தனை சுற்று, அன்றைக்கு என்ன எடை. அவருடைய மிகச் சிறந்த சண்டை எது என்று அவரே நினைக்கிறார் என்பதையும் விடாமல் கேளுங்கள். போட்டோவின் பின்புறம் பென்ஸிலால் எழுதுங்கள், மை ஊறிவிடும். பத்திரிகை முகவரிக்கு என் பெயரிட்டு அனுப்பினால் அனைத்தையும் ஒரு தொகுதியாகக் கட்டி வைக்கிறேன். அசலை அனுப்ப வேண்டாம். படி எடுத்து அனுப்பினால் போதும்.