மிருதங்கத்தின் இடது கை

மயிலாப்பூர் சித்திரக்குளத்துக்கு அருகே வசிக்கும் என் அத்தைக்கு வயது 78. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக மார்கழி மாதம் முழுவதையும் சபாக்களிலேயே கழித்தவர். இடுப்பெலும்பு முறிந்து படுத்து எழுந்தபின் படி ஏறுவது இயலாமல் போயிற்று. இனி கச்சேரி என்பது அவருக்குச் செல்பேசியில் வருவதுதான். அவரிடம் இருந்த பழைய பேசி பாட்டை இரைச்சலாக மாற்றிக்கொண்டிருந்தது. "நல்லா பாடற போன் ஒண்ணு வாங்கிக் குடுடா" என்றார். எளிய வேலை என்றெண்ணித்தான் ஒப்புக்கொண்டேன்.

தியாகராய நகரில் பனகல் பூங்காவுக்கு அருகே ஒரு கடை. விற்பனையாளர் மிகவும் கனிவான இளைஞர். ஒவ்வொரு பேசியையும் எடுத்து, ஒரு திரைப்பாடலை முழு ஒலியில் வைத்துக் காட்டினார். எல்லாமே அதிர்ந்தன. எல்லாமே நன்றாயிருப்பதாகத் தோன்றிற்று. அவற்றுள் மிக உரக்கப் பாடிய ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பினேன். அத்தை ஒரு பழைய கச்சேரியைப் போடச் சொன்னார். ஐந்து நிமிடம் கண்ணை மூடிக் கேட்டவர், பிறகு கேட்ட கேள்வி இது: "என்னடா, மிருதங்கத்துக்கு இடது கையே கிடையாதா?"

அந்தக் கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

மிருதங்கத்தின் வலந்தலையில் கரிய சோறு நிலையாகப் பூசப்பட்டிருக்கும். இடந்தலையாகிய தொப்பியில் கச்சேரிக்குச் சற்று முன்பாக ரவையைப் பிசைந்து அப்புவார்கள். அந்தக் கனத்தில்தான் அதன் அடி நாதம் இறங்கி ஒலிக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சி. வி. ராமன் 1920இல் சிவகாளி குமாருடன் இணைந்து 'நேச்சர்' இதழில் எழுதிய குறிப்பு புகழ்பெற்றது. சாதாரணத் தோற்கருவிகளின் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று ஒத்திசையாதவை. நம் மிருதங்கத்திலோ நடுவே பூசிய சோற்றின் கனம் அவற்றை ஒழுங்குபடுத்தி, தந்திக் கருவிக்குரிய இசைவைத் தருகிறது என்று அவர் விளக்கினார். ஆகவே மிருதங்கம் தாளம் மட்டும் போடுவதில்லை, அது சுருதியிலும் நிற்கிறது. வலது கை பேசும், இடது கை ஆமோதிக்கும். அந்த ஆமோதிப்பு இல்லாத வாசிப்பு வெறும் தட்டல்தான்.

செல்பேசிக்குள் இருக்கும் ஸ்பீக்கர் விரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. கீழ்நாதத்தை எழுப்ப நிறையக் காற்றை அசைக்க வேண்டும். அவ்வளவு சிறிய தகட்டால் அது ஆகாது. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அதன் ஒலி சரசரவென்று விழுந்துவிடும். ஒரு கட்டை சுருதியில் சேர்த்த தம்பூராவின் மந்தரத் தந்தி ஏறக்குறைய 65 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அந்த அதிர்வு பேசியிலிருந்து வெளிவருவதேயில்லை. ஆயினும் நாம் ஷட்ஜத்தை உணர்கிறோமே என்றால், அது நம் மூளையின் உதவி. மேல்சுரங்கள் காதில் விழுந்தால், இல்லாத அடிச்சுரத்தை மனம் தானாக ஊகித்துக்கொள்ளும். தம்பூராவில் மேல்சுரங்கள் நிறைந்திருப்பதால் அது ஒருவாறு தப்பிக்கிறது. தொப்பியின் மழுங்கிய நாதத்தில் அந்த உதவி குறைவு. எனவே இடது கை காணாமல் போகிறது. அத்தைக்கு இயற்பியல் தெரியாது. காணாமல் போனது எது என்பது மட்டும் தெரிந்திருந்தது.

செல்பேசி நிறுவனங்கள் இசையை முன்னிறுத்தி விற்ற ஒரு காலம் உண்டு. 2005இல் சோனி எரிக்சன் வாக்மன் என்னும் பெயரையே செல்பேசிக்குச் சூட்டியது. 2007இல் வந்த நோக்கியா 5310இன் பக்கவாட்டில் பாட்டுக்கெனவே தனிப் பொத்தான்கள் இருந்தன. 2006 முதல் 2014 வரை நோக்கியாவின் ஆலை நம் ஸ்ரீபெரும்புதூரில் இயங்கியது. 2016இல் எல்ஜி தன் வி20 பேசியில், எண்களை ஒலியாக மாற்றும் சில்லுக்கெனத் தனிக் கவனம் செலுத்தியது. 2021இல் அந்நிறுவனம் செல்பேசித் தொழிலிலிருந்தே விலகிவிட்டது. அதே 2016இல் வெளிவந்த ஐபோன் 7, இயர்போன் செருகும் துளையை எடுத்துவிட்டது, பிறரும் பின்தொடர்ந்தனர். இன்று விலை உயர்ந்த பேசிகள் பெரும்பாலானவற்றில் அத்துளை இல்லை. மலிவான பேசிகள் பலவற்றில் இன்னும் இருக்கிறது. கேமராவின் பெயரால் விற்கப்படும் பேசியில் பாட்டு ஒரு துணைக்குறிப்பாகிவிட்டது.

என் கருத்து இதுதான்: 'நல்ல ஒலியுள்ள செல்பேசி எது' என்பது தவறான இடத்தில் கேட்கப்படும் கேள்வி. ஒலி ஒரு சங்கிலி. பதிவு, அதைச் சுருக்கிய விதம், எண்களை ஒலியாக்கும் சில்லு, இயர்போன், கடைசியில் நம் காது. இதில் எந்தக் கண்ணி பலவீனமோ அதுதான் முடிவைத் தீர்மானிக்கும். இன்று நடுத்தர விலையில் கிடைக்கும் எந்தப் பேசியிலும் அந்தச் சில்லு பெரும்பாலும் போதுமானதாகவே இருக்கிறது. இரு முனைகள்தான் பழுது.

முதல் முனை, பதிவு. குறுந்தட்டில் ஒரு விநாடி இசைக்கு ஏறக்குறைய 1411 கிலோபிட் செலவாகிறது. 128 கிலோபிட் எம்பி3 என்பது அதில் பதினொன்றில் ஒரு பங்கு. காது எதைக் கவனிக்காதோ அதை நீக்கிவிடலாம் என்னும் கணிப்பின்மேல் எழுந்தது அந்த நுட்பம். ஜெர்மனியில் அதை உருவாக்கியவர்களுள் முதன்மையானவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், சூசன் வேகாவின் பக்கவாத்தியம் இல்லாத ஒரு பாடலை வைத்து அதைச் செம்மைப்படுத்தினார் என்பது பலரும் அறிந்த செய்தி. தனிக்குரல் மிகக் கடினமான தேர்வு என்று அவர் கண்டுகொண்டார். நாமும் நமக்குரிய கடினமான தேர்வை வைக்க வேண்டாமா? தேய்ந்த ஒலிநாடாவிலிருந்து எடுத்து, மீண்டும் மீண்டும் சுருக்கி, வாட்ஸப்பில் கைமாறி வந்த கச்சேரியை எந்தப் பேசியும் காப்பாற்றாது.

இரண்டாம் முனை, இயர்போனும் ஸ்பீக்கரும். பேசிக்குச் செலவிடும் தொகையில் சிறுபங்கை இங்கே திருப்பினால் கிடைக்கும் மாற்றம், பேசியையே மாற்றுவதால் கிடைப்பதைவிடப் பெரிது. கம்பியில்லா இயர்போன் வசதியானது. ஆனால் ப்ளூடூத் வழியே போகும் ஒலி இன்னொரு முறை சுருக்கப்படுகிறது. சோனியின் எல்டாக் போன்ற உயர்ந்த முறைகளைப் பேசியும் இயர்போனும் ஒருசேர அறிந்திருந்தால்தான் பயன்; ஐபோனுக்கு அது தெரியாது. துளையில்லாத பேசி வைத்திருப்போர் கவலைப்பட வேண்டாம். கம்பி இயர்போனை இணைக்க உதவும் சிறு இணைப்பான்களில் நல்லவை, ஒலிமாற்றும் சில்லைத் தமக்குள்ளேயே கொண்டவை.

கடையில் சோதிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் போடும் பாட்டைக் கேட்காதீர்கள். உங்களுக்கு மனப்பாடமான கச்சேரி ஒன்றைக் கொண்டுபோங்கள். உங்கள் இயர்போனையே செருகுங்கள். இரண்டு பேசிகளை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக வையுங்கள், ஏனெனில் சற்று உரக்க ஒலிப்பது எப்போதுமே மேலானதாகத் தோன்றும். நான் ஏமாந்தது அங்கேதான். பிறகு ஆலாபனைக்கு இடையே பாடகர் மூச்சுவிடும் நொடியைக் கேளுங்கள். அங்கே தம்பூரா தொடர்கிறதா, அறுந்துபோகிறதா? தனியாவர்த்தனத்தில் இடது கை எங்கே? இரண்டு நிமிடம் போதும். உரக்கக் கேட்பதால் தெளிவு கூடாது, காதுதான் தேயும். 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணிநேரம் என்பதை உலகச் சுகாதார நிறுவனம் வரம்பாகச் சொல்கிறது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. பழைய ரசிகர்கள் மூன்று நான்கு நிமிட இசைத்தட்டிலும், கரகரக்கும் வானொலியிலும் கேட்டுத்தானே ரசனையை வளர்த்துக்கொண்டார்கள்? நானும் இதை யோசித்தேன். 1938இல் தொடங்கிய சென்னை வானொலி நிலையத்தின் கச்சேரிகளை அத்தையின் வீட்டில் மரப்பெட்டி வானொலியில்தான் கேட்டார்கள். அந்தப் பெட்டியில் உள்ளங்கையளவு ஸ்பீக்கர் இருந்தது. மரமும் சேர்ந்து அதிர்ந்தது. கரகரப்புக்கு நடுவே இடது கை இருந்தது. அதைவிட முக்கியமானது, அவர்கள் கோயிலிலும் கல்யாணத்திலும் நேரில் கேட்டிருந்தார்கள். வானொலி அவர்களுக்கு நினைவூட்டல். குறைந்ததை நினைவு நிரப்பிற்று.

அடையாற்றிலிருந்து விடுமுறைக்கு வரும் அத்தையின் பேத்திக்குப் பன்னிரண்டு வயது. பாட்டு கற்கிறாள், இணையத்தில் நிறையவும் கேட்கிறாள். அத்தை இடது கையைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டபோது அவள் நிமிர்ந்து, "இடது கைன்னா என்ன பாட்டி?" என்று கேட்டாள். அவளுக்கு மிருதங்கம் முதலில் அறிமுகமானதே செல்பேசியில்தான். அவள் நிரப்பிக்கொள்ள நினைவு ஏதும் இல்லை. குறையை அறிந்து கேட்பவருக்கு மலிவான பேசி தீங்கு செய்வதில்லை. அறியாதவருக்கோ அந்தக் குறையே இசையாகிவிடுகிறது. ஒலித்தரம் பற்றிய பேச்சைப் பணக்காரப் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கக் கூடாததற்கு இதுவே காரணம்.

அத்தை ஹெட்போனை ஏற்கவில்லை. "விமானம் ஓட்டறவன் மாதிரி" என்று கழற்றிவிட்டார். கடைசியில் துளையுள்ள ஒரு நடுத்தரப் பேசி, ஒரு கம்பி, ரிச்சி தெருவில் வாங்கிய ஒரு மரப்பெட்டி ஸ்பீக்கர் என்று முடிந்தது. ஸ்பீக்கரின் விலை பேசியின் விலையில் நாலில் ஒரு பங்குதான். அதே கச்சேரியைப் போட்டேன். தனியாவர்த்தனம் வந்தபோது அத்தை ஒன்றும் சொல்லவில்லை. பேத்தியின் கையைப் பிடித்து ஸ்பீக்கரின் மரத்தின்மேல் வைத்தார்.

மைக் இல்லாமல் பாடும் ஒரு சிறு கச்சேரிக்கு அவளை அழைத்துப்போக வேண்டும் என்று எனக்கு இப்போது உத்தரவு.