கல்லும் இலையும்

யாத்திரை செய்வோர் இருவகையினர். கண்டு வருவோர் ஒரு வகையினர்; கற்று வருவோர் மற்றொரு வகையினர். முன்னவர் பலர், பின்னவர் சிலர். அச்சிலரின் தொகை நம்மிடையே பெருகவேண்டும் என்பதே யான் ஈண்டுச் சொல்லப் புகுந்தது.

காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023 ஒக்டோபரில் தொடங்கி இடையில் நின்றுபோன கப்பற் சேவை, 2024 ஓகஸ்டில் மீண்டும் நடைபெறலாயிற்று. ஏறத்தாழ நான்கு மணி நேரத்திற் கடலைக் கடந்துவிடலாம். தருமபுரத்திலிருந்து கொழும்புக்குப் பேருந்திற் செல்லும் பொழுதினும் இது குறைவு. ஆதலின் வன்னியிலுள்ள ஆசிரியரும் உத்தியோகத்தரும் தத்தம் துணைவியரோடு சோழநாடு காணப் புறப்படுகின்றனர். யானும் என் மனைவியாரும் பள்ளி விடுமுறையொன்றில் அவ்வாறே சென்று வந்தோம்.

தஞ்சைப் பெருங்கோயிலின் முன் நிற்பவர் எவரும் அண்ணாந்து பார்ப்பர். 200 அடிக்கு மேல் உயர்ந்த விமானம் அது. தன் ஆட்சியின் 25ஆம் ஆண்டு 275ஆம் நாளில், அதாவது 1010இல், இராசராசன் அதன் உச்சிக்குச் செப்புக்குடம் ஈந்தான் என்று அக்கோயிற் கல்வெட்டே கூறும். அண்ணாந்து பார்த்தவர் படம் பிடித்துக்கொண்டு உணவுச்சாலை தேடிப் போய்விடுகின்றனர். குனிந்து கல்வெட்டைப் படிப்பவர் அரியர். சோழன் சொல்ல விரும்பியதோ அங்கேதான் இருக்கின்றது. அணிகலன்கள், நிவந்தங்கள், 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் யாவும் எழுத்திலுள்ளன. இறைவனுக்கு அமுது படைக்க வேண்டிய பண்டங்களும் அவ்வாறே உள்ளன.

அச்சிட்ட பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அரிசி, பருப்பு, நெய், தயிர், மிளகு, கடுகு, சீரகம், புளி என யான் வாசித்துச் செல்கையில், என் மனைவியார், “இஞ்சாருங்கோ, மிளகு இருக்கு, மிளகாயைக் காணேல்லையே?” என்றார். நல்ல வினா. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துக்கேயர் வருகையின் பின்னரே, 16ஆம் நூற்றாண்டில், அது நம் பக்கம் வந்து சேர்ந்தது. வந்த புதுக்காய்க்கு, உறைப்பில் ஒத்திருந்த பழைய மிளகின் பெயரையே அடையாக்கி மிளகாய் என்றனர் நம்மவர். பழந்தமிழ் உணவு என்று நாம் பெருமை பேசும் செங்கறி, பெருங்கோயிலுக்கு 500 ஆண்டு இளையது. இதனை நூலிற் படித்தவர் மறப்பர். கல்லருகே நின்று கேட்டறிந்தவர் மறவார்.

வயிற்றுக்கும் வரலாற்றுக்கும் என்ன தொடர்பு என்று கற்றோர் சிலர் முகஞ்சுழிப்பர். தொடர்பு உண்டு. திருநெல்வேலியில் திருமணத்து மறுநாள் விருந்திற் பரிமாறும் சொதியும், நம் வீடுகளில் இடியப்பத்துக்கு வார்க்கும் சொதியும் பெயரால் ஒன்று, தேங்காய்ப்பாலால் ஒன்று. இவ்வொரு சொல் இருகரைக்கும் இடைப்பட்ட போக்குவரவுக்குச் சான்றாகின்றது. கல் உடைந்தாலும் இத்தகைய சொல் அடுப்படியில் வாழ்கின்றது.

இனி, இன்றியமையாத ஒன்று. அத்தஞ்சைக் கல்வெட்டுக்களுள் ஒன்று, ஈழமான மும்முடிசோழமண்டலத்து ஊர்கள் சிலவற்றிலிருந்து நெல்லும் காசும் இலுப்பைப்பாலும் பெருங்கோயிலுக்குச் செல்லவேண்டும் என விதிக்கின்றது. மாதோட்டத்திலே இராசராசேச்சரம் எடுத்த தாழிகுமரனும், பொலன்னறுவையில் இன்றும் நிற்கும் வானவன்மாதேவி ஈச்சரமும் நம் நெஞ்சை நிமிர்த்துவன. நிமிரட்டும். ஆயினும் நெல்லைப் பெற்ற கோயிலை மட்டும் எண்ணி, அதனை விளைத்துக் கொடுத்த ஊரை மறப்பது கற்றவர்க்கு அழகன்று. படையெடுப்பினால் வந்த ஆட்சி அது. விளக்கு எரிந்தது தஞ்சையில். இலுப்பை பழுத்தது ஈழத்தில். பெருமிதத்தோடு இவ்வுண்மையையும் சுமந்து திரும்புபவனே கற்று வந்தவன்.

அவ்வாறு திரும்புபவனுக்குச் சொந்த ஊரும் புதிதாகத் தோன்றும். கீழடியில் 2023இல் திறந்த அருங்காட்சியகத்திலே தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகளைக் கண்டு வியந்து வருகின்றோம். நம் கிளிநொச்சி மாவட்டத்துப் பூநகரியிலும் அத்தகைய ஓடுகள் கிடைத்தன என்பதையும், பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் அவற்றை ஆராய்ந்து நூல் எழுதியதையும் நம் மாணவருள் எத்தனைபேர் அறிவர்? ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில், 1803 ஒக்டோபர் 31இல் பண்டாரவன்னியன் தோற்றதை ஆங்கிலத்திற் பொறித்து ஒரு கல் நாட்டினர். வென்றவர் தம் வெற்றிக்கு நாட்டிய கல்லை, தோற்றவனின் புகழ்க்கல்லாக மக்கள் மாற்றிக்கொண்டனர். கல்வெட்டை எவ்வாறு படிப்பது என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் வேறில்லை.

2009இன் இடப்பெயர்வில் வன்னிக் குடும்பங்கள் பலவற்றின் ஏடுகளும் பத்திரங்களும் படங்களும் அழிந்தொழிந்தன. எஞ்சியவை முதியோரின் வாய்மொழியும் கைப்பக்குவமுமே. ஒடியற்கூழின் பக்குவம், குரக்கன்பிட்டின் பதம், மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் என்னும் நெல்லினங்களின் குணம் ஆகியவற்றை அறிந்தவர் ஒருவர்பின் ஒருவராய் மறைகின்றனர். கல் காத்திருக்கும், கிழவி காத்திரார்.

ஆகவே ஆசிரிய அன்பர்க்கு என் வேண்டுகோள் இரண்டு. கல்விச் சுற்றுலா என்றால் கண்டியும் நுவரெலியாவும் என்னும் வழக்கத்தோடு பூநகரி, கற்சிலைமடு, மாதோட்டம், பொலன்னறுவை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்க. செல்லும் ஊர்தோறும் கல்லில் உள்ளதை ஒரு பக்கத்திலும், இலையில் உண்டதன் பெயரை மறுபக்கத்திலும் மாணவர் எழுதும்படி செய்க. வீடு திரும்பியதும் அவ்வேட்டைப் பாட்டியார்முன் வாசித்து, அவர் சொல்வதை மூன்றாம் பக்கத்தில் எழுதுக.

கடல் கடந்து செல்லும் தம்பதியர்க்கும் இதுவே சொல்வேன். அண்ணாந்து பார்த்தது போதும். சற்றே குனிந்து படிப்போமாக.