கடலுக்கும் உண்டு வரவு செலவு

பூப்போட்ட பனியன் துணி பார்த்திருப்பீர்கள். பருத்தித் துணியில் அந்தப் பூவைப் பிரிண்டிங் செய்யும்போது, சாயக் கூழில் யூரியாவும் கலப்பார்கள். வயலுக்குப் போடுகிற அதே யூரியாதான். துணியை ஆவியில் வேகவைக்கும்போது ஈரத்தைப் பிடித்து வைத்து, சாயம் நூலுக்குள் இறங்க உதவும். பிறகு துணியை அலசுவார்கள். யூரியா தண்ணீரோடு போய்விடும். அதன் எடையில் 46 சதவிகிதம் நைட்ரஜன்.

அந்த நைட்ரஜன் அப்புறம் என்ன ஆகிறது?

தொட்டிக்குள் நடப்பது

தண்ணீரில் பாக்டீரியாக்கள் யூரியாவை அம்மோனியாவாக உடைக்கின்றன. ஆக்சிஜன் இருந்தால் வேறு வகை பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஆக்சிஜன் தீர்ந்துபோனால் என்ன செய்யும்? நைட்ரேட்டில் இருக்கும் ஆக்சிஜனையே எடுத்து 'சுவாசிக்கிற' பாக்டீரியாக்கள் வேலையைத் தொடங்கும். கடைசியில் நைட்ரஜன் வாயுவாகிக் காற்றோடு கலந்துவிடும்.

கழிவுநீரிலிருந்து நைட்ரஜனை நீக்க வேண்டிய சுத்திகரிப்பு நிலையங்களில் காற்றை ஊதும் தொட்டி ஒன்றும், காற்று ஊதாத தொட்டி ஒன்றும் இருப்பது இதற்காகத்தான். முதலாவதில் நைட்ரேட் உருவாகும். இரண்டாவதில் அது வாயுவாகி வெளியேறும்.

அரபிக்கடலிலும் அதே கதை

இதே வேலையை மனிதர் யாரும் கட்டாத ஒரு மாபெரும் 'தொட்டி' நமக்கு மேற்கே செய்துகொண்டிருக்கிறது. அரபிக்கடலில் சுமார் 150 மீட்டர் ஆழத்திலிருந்து 1,000 மீட்டர் வரை, பல இடங்களில் ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லை. வடக்கே ஆசிய நிலப்பரப்பு கடலை அடைத்து நிற்பதால் புது நீர் எளிதில் உள்ளே வருவதில்லை. பருவக்காற்று கிளறிவிடும் சத்துகளால் மேலே நுண்பாசிகள் அபாரமாக வளர்கின்றன. அவை செத்துக் கீழே விழும்போது, அவற்றைத் தின்னும் பாக்டீரியாக்கள் இருக்கிற ஆக்சிஜனையும் தீர்த்துவிடுகின்றன. பிறகு நைட்ரேட்டின் முறை. திறந்த கடலில் இப்படி நைட்ரஜன் பெருமளவில் வெளியேறும் இடங்கள் உலகத்தில் மூன்றுதான். அரபிக்கடல் அதில் ஒன்று. மற்ற இரண்டும் பசிபிக்கில்.

இது செலவுப் பக்கம். வரவும் உண்டு. டிரைக்கோடெஸ்மியம் என்ற நுண்ணுயிர், காற்றிலிருந்து வந்து கரைந்த நைட்ரஜன் வாயுவைப் பிடித்து உணவாக்கும். கடல் அமைதியாக இருக்கும் கோடை மாதங்களில் இது மரத்தூள் கொட்டியதுபோல நீர்மேல் மிதக்கும். நுண்பாசிக்கு நைட்ரஜன் வேண்டும். மீனின் உணவு நுண்பாசியில் தொடங்குகிறது. ஆக, இந்த வரவு செலவுக்குக் கடைசியில் நம் தட்டோடு தொடர்பு உண்டு.

எங்கே ஆபத்து?

தென்மேற்குப் பருவமழை முடியும் காலத்தில், ஆக்சிஜன் குறைந்த நீர் நம் மேற்குக் கரை அருகே ஏறி வருகிறது. கோவாவிலுள்ள தேசிய கடலியல் ஆய்வு நிறுவனத்தின் நக்வி குழுவினர் 2000-ல் 'நேச்சர்' இதழில் எழுதிய ஆய்வு, அந்தக் கரையோரத்தில் நைட்ரஸ் ஆக்சைடு வாயு மிக அதிகமாக உருவாவதைக் காட்டியது. நைட்ரேட் முழுதாக உடையாமல் பாதி வழியில் நிற்கும்போது வெளியேறும் வாயு அது. பூமியைச் சூடாக்குவதில், எடைக்கு எடை, கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 270 மடங்கு வலியது. கரையிலிருந்து கடலில் கலக்கும் உரச்சத்து கூடினால் இந்தச் சிக்கலும் கூடும்.

வங்கக்கடல் நிலைமை இன்னும் நுட்பமானது. அங்கும் ஆழத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவு. ஆனால் 2017-ல் வெளியான ஒரு ஆய்வு, அங்கே துளியளவு ஆக்சிஜன் மிச்சம் இருப்பதைக் கண்டது. அந்தத் துளிதான் நைட்ரைட்டை மறுபடி நைட்ரேட்டாக்கி, நைட்ரஜன் வாயுவாகிப் பறிபோகாமல் தடுக்கிறது. அதுவும் போனால், அரபிக்கடல்போலவே வங்கக்கடலும் நைட்ரஜனை இழக்கத் தொடங்கலாம்.

நொய்யலில் தொடங்குவது

நொய்யல் காவிரியில் சேர்கிறது. காவிரி வங்கக்கடலுக்குப் போகிறது. கடலை மாற்றும் அளவுக்கு நொய்யல் பெரியதல்ல. ஆனால் கடலுக்குப் போகும் கணக்கு இப்படிச் சின்னச் சின்ன ஆறுகளில்தான் கூடுகிறது.

சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையைப் பார்த்த ஊர் இது. சாயக்கழிவு நீரைத் துளிகூட வெளியே விடக்கூடாது என்று 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளையே மூட உத்தரவிட்டது. அந்தப் போராட்டத்தில் உப்பும் நிறமும் எல்லார் கண்ணிலும் பட்டன. நைட்ரஜனுக்கு நிறம் இல்லை. அதனால் யாரும் பேசுவதில்லை.

பிரிண்டிங் பட்டறைகளில் வழி இருக்கிறது. ஆவியில் வைக்கும் முன் துணியில் அளவாக ஈரம் தெளித்தால், யூரியாவை வெகுவாகக் குறைக்கலாம்.

வீட்டிலும் ஒரு வேலை உண்டு. செப்டிக் டேங்க் பக்கத்தில் போர்வெல் இருக்கிறதா? தண்ணீரில் நைட்ரேட் அளவைப் பரிசோதியுங்கள். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரைதான் இந்தியத் தரம் அனுமதிக்கிறது. அதற்கு மேல் போனால் அந்த நீரில் பால் பவுடர் கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து, குழந்தையின் உடல் நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும்.