புல் உப்பைத் தாங்கும், மண் தாங்குமா?



போன மாதம் நம் பள்ளிப் பட்டிமன்றத்தில், "கடல் நீர் பாலைவனத்தைப் பசுமையாக்கும்" என்ற அணியில் நான் பேசினேன். எங்கள் அணி ஜெயிச்சது. நீங்களும் கை தட்டினீங்க. ஆனால் அன்று நான் போடாமல் விட்ட ஒரு கணக்கு இருக்கு. அதைச் சொல்லத்தான் இந்த இதழில் இடம் கேட்டு வாங்கினேன்.

நான் பேசியது பொய் இல்லை. வளைகுடா நாடுகளில் மாட்டுத் தீவனம் வளர்த்தே நிலத்தடி நீர் வற்றிப் போகிறது. அதனால்தான் பசுந்தீவனச் சாகுபடியைப் படிப்படியாகக் குறைக்க சவூதி அரசு 2015-ல் முடிவெடுத்தது. டிஸ்டிக்லிஸ் என்ற புல்லோ உப்பு நீரில் வளரும். வேண்டாத உப்பை இலையில் உள்ள சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளிவிடும். துபாயில் 1999-ல் தொடங்கப்பட்ட சர்வதேச உவர் வேளாண் மையத்தில் இதுபோன்ற புற்களை வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள்.

பட்டிமன்றம் முடிந்து வீட்டுக்குப் போனேன். வளைகுடாவில் தீவனப் பண்ணையில் வேலை பார்த்துவிட்டு வந்த என் மாமா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஊத்துற உப்பெல்லாம் எங்கம்மா போகும்?" எனக்குப் பதில் தெரியலை. அப்புறம்தான் கணக்குப் போட்டேன்.

ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கு. ஒரு பங்கு கடல் நீருக்கு மூன்று பங்கு நல்ல தண்ணீர் கலந்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 9 கிராம். ஒரு சதுர மீட்டர் புல்லுக்கு வருஷத்துக்கு 1000 லிட்டர் என்று குறைத்தே வைப்போம். 9 கிலோ உப்பு! நம் வகுப்பறை அளவு, அதாவது 36 சதுர மீட்டர் நிலத்தில் 324 கிலோ. 50 கிலோ மூட்டையில் ஆறு மூட்டைக்கும் மேலே! தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு ஆவியாகாது. இலை வெளியே தள்ளுவதும் பெரும்பாலும் அதே மண்ணில்தான் விழும். வேருக்குக் கீழே அதைக் கழுவித் தள்ள இன்னும் தண்ணீர் வேண்டும். கீழே நல்ல ஊற்று இருந்தால் அதுவும் கெடும்.

இன்னொன்று. அந்த 1000 லிட்டரில் 750 லிட்டர் நல்ல தண்ணீர்! அது இல்லை என்றுதானே கடலைத் தேடிப் போனோம்?

அப்படின்னா இந்த முயற்சியே வீணா? இல்லை. கராச்சிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். நல்ல தண்ணீரை அவர்கள் கலக்கவில்லை. ஏற்கெனவே உவர்ப்பான நீரையே, கடல் உப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உள்ளதை, உவர் நிலத்தில் பாய்ச்சினார்கள். வளர்த்தது பேனிக்கம் டர்ஜிடம் என்ற பாலைவனப் புல். நம்ம சாமைக்குச் சொந்தக்காரப் பயிர்தான். பக்கத்திலேயே உமரி இனச் செடி ஒன்றையும் நட்டார்கள். அது மண்ணிலிருந்து உப்பை உறிஞ்சித் தன் உடம்பில் சேர்த்துக்கொள்ளும். அறுத்து எடுத்தால் உப்பும் கூடவே போகும். மக்காச்சோளத் தீவனத்துக்குப் பதிலாக இந்தப் புல்லைத் தின்ற கன்றுகளும் அதே அளவு எடை கூடின.

என் கருத்து இதுதான். உவர்ப்பாகிப் போன கிணறும் கெட்டுப் போன நிலமும் உள்ள இடத்தில் இந்தப் புல்லை வளர்க்கலாம். வருஷா வருஷம் மண்ணில் உப்பைச் சோதித்துப் பார்க்கணும். நல்ல தண்ணீரையும் நல்ல மண்ணையும் செலவழித்து "கடல் நீர் விவசாயம்" என்று பெயர் சூட்டுவது சரியில்லை.

பரிசாகக் கிடைத்த பேனாவில்தான் இதை எழுதுகிறேன். எதிரணியில் பேசிய அக்காக்கள் மன்னிக்கணும். என் கணக்கில் தப்பு இருந்தால் அடுத்த இதழில் எழுதுங்கள்!

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி