சித்தாண்டி வயலுக்கு நடேசய்யர் அந்நியரா?

ஈழத்துப் புலவரையும் பண்டிதரையும் பற்றிய கட்டுரைகளுக்குப் பல்கலைக்கழகச் சஞ்சிகைகளில் என்றும் பஞ்சமிருந்ததில்லை. தொழிற்சங்கவாதி ஒருவருக்கு அவற்றில் இடங்கிடைப்பது அரிது. கிடைத்தாலும், கோ. நடேசய்யர் ‘மலையகத் தலைவர்’ என்னும் ஒரு தொடருக்குள் அடைக்கப்பட்டு, மட்டக்களப்பாருக்கும் யாழ்ப்பாணத்தாருக்கும் உறவற்றவராக மலைமேலேயே விடப்படுகிறார். இது அறியாமையால் நேர்வதன்று. வசதி கருதிச் செய்யப்படுவது.

தஞ்சையிலிருந்து வந்த நடேசய்யர், வெளியார் தோட்டத்துள் நுழைதல் குற்றமெனக் கருதப்பட்ட காலத்தில், புடைவை வியாபாரியாக வேடம் பூண்டு லயங்களைச் சென்றடைந்தார் என்பர். கொழும்பில் ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய பத்திரிகைகளை நடத்தினார். ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கத்தில் இணைந்து உழைத்தார். 1920களின் இறுதியில் குணசிங்க இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பவே, அவ்வுறவு முறிந்தது. சட்டநிரூபண சபை ஆசனமொன்றே போதுமென்று அவர் அமர்ந்துவிடவில்லை. 1931இல் அட்டனை மையமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கெனத் தனிச் சம்மேளனம் அமைத்தார். எழுத்தறியாத மக்களிடம் துண்டுப்பிரசுரம் செல்லாதென்று உணர்ந்த அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மை, கூட்டங்களில் தாமே பாட்டிசைத்தார். (இப்பெண்மணியைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம், எழுதுவார்தான் இல்லை.) நடேசய்யரின் அரசியலிற் சறுக்கல்களே இல்லையென்பது வாதமன்று. அவர் வேலைசெய்த முறையே இங்கு கருதத்தக்கது.

இவருக்கும் சித்தாண்டிக்கும் யாது தொடர்பு? அங்கே தேயிலை இல்லைதான். சித்திரவேலாயுத சுவாமி கோயிலைச் சூழ்ந்த அவ்வூர் வேளாண்மையால் வாழ்வது. எனினும் வயலை உடையவரும் வயலில் இறங்குபவரும் எப்போதும் ஒருவரல்லர். போடியார், முல்லைக்காரன், கூலியாள் என்ற படிமுறை மட்டக்களப்பில் நெடுங்காலம் நிலவியது. பெயர்கள் தேய்ந்தபோதிலும் கூலியாள் இருக்கிறான். நாட்டாரியல் ஆய்வாளர் அவனுடைய பொலிப்பாட்டைச் சேகரித்தனர். அவனுடைய கூலி எவ்வளவென்று கேட்டவர் எத்தனை பேர்? 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டமும் குத்தகை விவசாயியையே முதன்மையாக நோக்கியது. பின்னர் வெட்டுமெசின் வயலில் இறங்கிற்று. அருவி வெட்டிய கைகள் ஓய்ந்தன. மட்டக்களப்புப் பெண்கள் பலர் மத்திய கிழக்குக்கு வீட்டுப்பணிக்குச் சென்றனர். இழந்த வேலைநாட்களுக்கு ஈடு கேட்க முன்வந்த சங்கம் எது?

வயற்கூலியாள் இன்று ஒருவரிடமும் நாளை வேறொருவரிடமும் வேலை செய்பவன், அவனைச் சங்கமாக்க இயலாதென்பது பட்டதாரிகளின் ஆயத்த விடை. தோட்டத் தொழிலாளியைப் பற்றியும் இத்தகைய விடைகள் எளிதில் கிடைத்திருக்கும்: கங்காணிக்குக் கடன்பட்டவன், எழுத்தறியாதவன், துரைக்கு அஞ்சுபவன். நடேசய்யர் அவ்விடைகளோடு கொழும்பில் தங்கிவிடவில்லை.

1947இல் அவர் மறைந்தார். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் அவர் திரட்டிய மக்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. அதனைச் சுட்டி, அவர் உழைப்பு வீணாயிற்று என்பாருமுளர். குடியுரிமை பறிபோன பின்னும் தோட்டங்களிற் சங்கம் எஞ்சியது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் இன்றும் பாராளுமன்றத்திற் பேசப்படும் பொருளாக இருக்கிறது. சித்தாண்டி வயற்கூலியாளின் சம்பளமோ விடியற்பொழுதில், வரம்பிலே, தனியொருவனாக நின்று கேட்கவேண்டியதாக இருக்கிறது.